ஞான வாழ்வில் வளர்வது எப்படி?

ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும் மாணவியரின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிவேட்டில் குறித்துக் கொள்கிறோம். அறிவின் வளர்ச்சியைத் தேர்வு மதிப்பெண்கள் காட்டுகின்றன. ஆன்மாவின் வளர்ச்சியை மட்டும் எந்த அளவுகோலால் அளப்பது?

நம்மில் பலர் இதற்கு ஓர் அளவுகோலைத் தாமாகவே வைத்திருக்கிறார்கள். செபிக்கும்போது உள்ளம் உருகினால், கண்ணீர் வந்தால், ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தால், நாம் இறைவனுக்கு அருகில் இருக்கிறோம் என்று எண்ணுகிறார்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டால், "எனக்குச் செபம் வராது, நான் பக்தியில்லாதவள்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முதலில் காலைச் செபம் விட்டுப் போகிறது. பிறகு மாலைச் செபம். ஞாயிறு திருப்பலி கடமைக்காக மட்டும் நிற்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் இப்படிச் சத்தமில்லாமல் விலகிப் போகும் மாணவியர் எத்தனையோ பேர். சிறப்பாக அவர்களை மனத்திற்கொண்டே, ஞான வாழ்வு வளரத் துணை செய்வன எவை, தடை செய்வன எவை என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

வளர்ச்சி என்பது எது?

கிறிஸ்தவ வாழ்வில் வளர்ச்சி என்பது இறையன்பிலும் பிறரன்பிலும் வளர்வதே ஆகும். புனித பவுல் அடிகளார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய ஆவியின் கனிகள் ஒன்பதைக் குறிப்பிடுகிறார். அன்பு, பொறுமை, கனிவு, தன்னடக்கம் முதலியன அப்பட்டியலில் உள்ளன. உணர்ச்சிப் பெருக்கு அதில் இல்லை. ஒரு பெண் செபத்தில் எவ்வளவு உருகினாள் என்பதைவிட, வீட்டில் தன் தங்கையிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறாள் என்பதே அவளுடைய வளர்ச்சிக்கு நல்ல சான்று.

இயேசு பெருமான் கூறிய ஓர் உவமை மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் மட்டும் காணப்படுகிறது. உழவர் விதைக்கிறார், இரவில் உறங்குகிறார், பகலில் எழுகிறார், எப்படி என்று அவருக்கே தெரியாமல் விதை முளைத்துக் கதிராகிறது. வளரச் செய்பவர் இறைவன். உழுவதும் களை எடுப்பதும் நீர் பாய்ச்சுவதும் உழவர் செய்யக்கூடியவை. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். நாம் செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பது சோம்பல். இறைவன் மட்டுமே செய்யக்கூடியதை நாமே செய்துவிட முயல்வது ஆணவம். இரண்டும் வளர்ச்சிக்குக் கேடு.

கண்மாயும் வரத்துக்காலும்

கீழக்குயில்குடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் அறிந்தவர்களுக்குக் கண்மாயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்கிறது. சரிவுகளில் வழிந்தோடும் நீரை வரத்துக்கால் கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கிறது. கண்மாய் நிறைந்துவிட்டால் மிகுதியான நீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது.

மழையை வரவழைக்க யாராலும் முடியாது. ஆனால் வரத்துக்காலைப் பழுது பார்த்து வைக்க ஊராரால் முடியும். அக்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊர் மக்கள் ஒன்றுகூடி அதைத்தான் செய்தார்கள். வரத்துக்கால் மண்மூடிக் கிடந்தால் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் கண்மாயில் நீர் நிற்காது. இறையருளும் அப்படித்தான். அருளுக்குப் பஞ்சமில்லை, அது வரும் வழியைத் திறந்து வைப்பதே நம் பங்கு.

நான்கு வகைப் பாசனம்

ஏறக்குறைய இதே கருத்தை ஸ்பெயின் நாட்டு அவிலா நகரின் புனித தெரேசம்மாள் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1515ஆம் ஆண்டு பிறந்து, 1582இல் மறைந்த இப்புனிதை கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர். திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அப்பட்டத்தை அளித்தார்.

ஆன்மா ஒரு தோட்டம் என்றும், செபம் அதற்குப் பாய்ச்சும் நீர் என்றும் அவர் கூறுகிறார். நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உண்டு. முதலாவது, கிணற்றிலிருந்து கையால் இறைப்பது. உழைப்பு மிகுதி, கிடைக்கும் நீரோ குறைவு. இரண்டாவது, சக்கரத்தின் உதவியால் இறைப்பது. நம் பக்கத்தில் மாடுகளைப் பூட்டிக் கமலை இறைத்ததை இதற்கு ஒப்பிடலாம். உழைப்பு குறைகிறது, நீர் பெருகுகிறது. மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தானே வந்து பாயும் நீர். தோட்டக்காரர் வழியைத் திருப்பிவிட்டால் போதும். நான்காவது வானத்து மழை. அதில் தோட்டக்காரருக்கு வேலையே இல்லை.

செபிக்கத் தொடங்குவோர் எல்லாரும் முதல் நிலையில்தான் இருக்கிறார்கள். கை வலிக்கும். மனம் வீட்டுப் பாடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஓடும். அதைத் திரும்பத் திரும்பப் பிடித்து இழுத்து வரவேண்டும். கயிற்றைப் பிடித்து இறைப்பவருக்குக் கை வலிப்பது இயல்பு. அதைக் கண்டு, "எனக்கு இறைக்கத் தெரியாது" என்று கயிற்றை விட்டுவிடலாகாது. சில வேளை கிணறே வறண்டிருக்கும் என்றும் புனிதை சொல்கிறார். அப்போதும் தோட்டக்காரர் தம்மால் இயன்றதைச் செய்துகொண்டே இருந்தால், நீரின்றியே செடிகளைக் காப்பாற்ற இறைவனால் முடியும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

மிகப் பெரிய தடை

இதை எழுதியவர் பட்டு அறிந்தே எழுதினார். தெரேசம்மாள் 1535ஆம் ஆண்டு, இருபதாம் வயதில், அவிலா நகரின் மனித அவதாரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோயுற்று, இறந்துவிட்டார் என்றே பிறர் எண்ணும் அளவுக்குப் போய்ப் பிழைத்தார். பின்னர் மடத்துக்கு வருவோருடன் பேசிப் பொழுதைப் போக்கும் பழக்கம் அவரைப் பற்றிக் கொண்டது. அது பெரும் பாவம் என்று சொல்வதற்கில்லை. அந்நாளில் அம்மடத்தில் அது வழக்கமாகவே இருந்தது. ஆயினும், "இப்படிச் சிதறிய மனத்தோடு இறைவன் முன் அமர எனக்கு என்ன தகுதி?" என்ற எண்ணம் அவருக்கு வந்தது. தியான செபத்தை ஓராண்டுக்கும் மேலாக அவர் விட்டுவிட்டார்.

பிற்காலத்தில் அவர் அதைத் தாழ்ச்சி என்று கருதவில்லை. தாழ்ச்சியின் வேடத்தில் வந்த மிகப் பெரிய சோதனை என்றே எழுதினார். 1543ஆம் ஆண்டு தந்தை இறந்த பின், தோமினிக்கன் சபைக் குரு ஒருவரின் அறிவுரையால் மீண்டும் செபிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகும் செபம் எளிதாகிவிடவில்லை. செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்த நாள்கள் பல என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 1554இல், காயப்பட்ட கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் அவர் உள்ளம் முற்றிலும் மாறியது. 1562இல் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார்.

மாணவியர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று. குறையுள்ளவள் என்பதற்காகச் செபத்தை நிறுத்தக்கூடாது. குறையுள்ளவள் என்பதாலேயே செபிக்க வேண்டும். நோயாளி குணமான பிறகு மருத்துவரிடம் போவேன் என்று சொல்வாரா?

வறட்சி ஒரு தடையா?

செபத்தில் இன்பம் தோன்றாத நிலையை ஞான ஆசிரியர்கள் வறட்சி என்கிறார்கள். இது சோம்பலாலும் வரலாம். உடல் களைப்பாலும் வரலாம். நம் அன்பைத் தூய்மைப்படுத்த இறைவன் அனுமதிப்பதாலும் வரலாம். எதனால் வந்தாலும், வறட்சி ஒருவரை இறைவனிடமிருந்து பிரித்துவிடாது.

சிறுமலர் குழந்தை தெரேசம்மாள் பதினைந்து வயதில், 1888இல், பிரான்சு நாட்டு லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். செப நேரத்தில் பல முறை தூங்கிப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். பெற்றோர் தூங்கும் குழந்தையையும் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று தம்மைத் தேற்றிக் கொண்டார். 1896ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல், 1897 செப்டம்பர் 30இல் தம் இருபத்து நான்காம் வயதில் இறக்கும்வரை, விசுவாச இருளில் தவித்தார். திருச்சபை அவரை 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகவும், 1997இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு அன்னை தெரேசா. 1929இல் இந்தியா வந்த அவர், கல்கத்தாவில் உள்ள புனித மரியாள் பெண்கள் பள்ளியில் புவியியல் கற்பித்த ஆசிரியை. 1946 செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங்குக்கு இரயிலில் சென்றபோது ஏழைகளுக்கு ஊழியம் செய்ய அழைப்புப் பெற்றார். அவர் 1997இல் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் வெளியான கடிதங்களைக் கண்டு உலகமே வியந்தது. ஏழைகளிடையே தம் பணியைத் தொடங்கிய சிறிது காலத்திலிருந்து, இடையில் ஒரு சிறு பொழுது தவிர, வாழ்நாள் முடியும்வரை அவர் இறைவனின் அருகாமையை உணரவே இல்லை. ஆயினும் நாள்தோறும் நற்கருணை நாதர் முன் முழந்தாளிட்டார். நாள்தோறும் நோயாளிகளைத் தூக்கினார். 2016ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, உணர்ச்சி இல்லாவிட்டாலும் அன்பு வளரும் என்பதற்கு அது ஒரு பெரிய சான்றாயிற்று.

கருவேலமும் சுவரும்

அப்படியானால் உண்மையான தடைகள் எவை? சாவான பாவம் அருளின் வழியை முற்றிலும் அடைத்துவிடுகிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் அன்றாட வாழ்வில் நம்மை நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் சிறியவை.

கண்மாய்களில் அடர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். விறகுக்கு ஆகும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மரம் அது. பயனுக்காக வந்தது, பிறகு நீர் நிற்க வேண்டிய இடத்தையே பிடித்துக் கொண்டது. விதைப்பவர் உவமையில் முட்செடிகள் பயிரை நெருக்கியதாக ஆண்டவர் கூறியதும் இத்தகைய நிலையையே. கைபேசி பாடத்துக்கு உதவும் என்று வாங்கப்படுகிறது. உறங்குமுன் இறைவனோடு பேசும் பத்து நிமிடத்தையும் அதுவே எடுத்துக் கொள்கிறது. தோழியின் மதிப்பெண்ணைப் பார்த்து முயற்சி செய்வது நல்லது; அதுவே பொறாமையாக வேர்விட்டால் அவள் தோல்வியில் நமக்கு மகிழ்ச்சி வந்துவிடுகிறது. இவற்றைச் செடியாக இருக்கும்போதே பிடுங்குவது எளிது.

மன்னிக்க மறுப்பது மற்றொரு தடை. காணிக்கையோடு பீடத்தின் முன் வந்தவர் சகோதரருடன் உள்ள மனத்தாங்கலை நினைவு கூர்ந்தால், முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. ஒரே விடுதியில் மாதக்கணக்காகப் பேசாமல் இருக்கும் இருவர் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குவது எப்படிப் பொருந்தும்?

இதனினும் கொடிய தடை ஒன்று நம் தமிழ்நாட்டுத் திருச்சபையை நெடுங்காலம் வருத்தியது. இன்னும் முழுவதும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது சாதி வேற்றுமை. நெல்லைச் சீமையில் உள்ள வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. ஒரே திருப்பலியைச் சுவரின் இரு பக்கமும் நின்று கண்டார்கள். கௌசானல் அடிகளார் காலத்தில், 1910ஆம் ஆண்டு, அச்சுவர் இடிக்கப்பட்டது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745ஆம் ஆண்டு புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த அவர், விசுவாசத்தை ஏற்றபின் எல்லாச் சாதியாருடனும் சமமாகப் பழகினார். துன்பங்கள் பல பட்டு, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, அவர் பெயருடன் சாதிப்பட்டம் சேர்க்கப்படவில்லை. கல்லால் கட்டிய சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். உள்ளத்தில் உள்ளதை ஒவ்வொருவரும் தாமே இடிக்க வேண்டும். அது நிற்கும்வரை எத்தனை செபமாலை சொன்னாலும் வளர்ச்சி இல்லை.

வளரத் துணை செய்வன

முதலாவது, நிலையான செப நேரம். ஒரு நாள் ஒரு மணி நேரமும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் இருப்பதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் மேலானது. சொட்டுச் சொட்டாகப் பாய்ந்தாலும் தவறாமல் பாயும் நீரே வேரை எட்டும்.

இரண்டாவது, ஆன்ம சோதனை. சேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் இதை வற்புறுத்துகிறார். இரவில் படுக்குமுன் ஐந்து படிகள்: அந்த நாளின் நன்மைகளுக்காக நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், காலை முதல் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தல், தவறுகளுக்காக மனம் வருந்துதல், நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம் எடுத்தல். ஐந்து நிமிடம் போதும். நன்றியில் தொடங்குவதால் இது மனத்தைச் சோர்வடையச் செய்யாது. அவர் தந்த மற்றொரு விதி பொன்னே போன்றது: மனம் வறண்டிருக்கும் காலத்தில், முன்பு நல்ல மனநிலையில் எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. செபிக்க விருப்பமில்லாத நாளில் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் இருக்கும்படியும் சொல்கிறார்.

மூன்றாவது, திருவருட்சாதனங்கள். வரத்துக்காலில் சேர்ந்த மண்ணை வாரி வெளியேற்றுவது பாவசங்கீர்த்தனம். வேருக்கு உணவாவது நற்கருணை. இவை பரிசு அல்ல, மருந்து.

நான்காவது, மௌனமும் எளிமையும். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காண்கிறோம். துறவையும் தவத்தையும் இந்த மண் நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி இதை அறிந்தே துறவிக் கோலம் பூண்டு, மரக்கறி உணவு உண்டு வாழ்ந்தார். அவ்வழியில் வந்தவர் புனித அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர். 1686இல் மறவர் சீமையில் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையாகித் தாய்நாடு சென்றபோது, இளமைத் தோழராகிய அரசர் அங்கேயே தங்கும்படி கேட்டும் இணங்காமல் திரும்பி வந்தார். 1693 பெப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். கருமாத்தூரில் அவர் பெயரால் கல்லூரி ஒன்று விளங்குகிறது. அந்த இறுதி நாளின் துணிவு அவருக்கு ஒரே நாளில் வந்ததன்று. ஆண்டுக்கணக்காகச் சிறு சிறு வசதிகளைத் துறந்து பழகியதன் பயன் அது. நாம் ஒரு வேளை தின்பண்டத்தைத் துறந்து அந்தக் காசை ஏழைக்குக் கொடுப்பதும் அதே பள்ளியின் முதல் வகுப்பே.

ஐந்தாவது, பிறர்க்கு உதவுதல். நிறைந்த கண்மாய் மறுகால் பாய்வது போல, பெற்ற அருள் அடுத்தவரிடம் செல்ல வேண்டும். அம்மா கேட்குமுன் தண்ணீர்க் குடத்தை எடுப்பது, கணக்கு வராத தோழிக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது, யாரும் சேர்த்துக் கொள்ளாதவள் அருகில் போய் அமர்வது ஆகியவையெல்லாம் மறுகால்தான்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

தூய்மை துறவியருக்கு மட்டும் உரியதன்று. எல்லா நிலையினரும் அதற்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாகக் கூறியது. பிள்ளைகளைச் "செபம் சொல்" என்று விரட்டுவதைவிட, தாயும் தந்தையும் முழந்தாளிட்டிருப்பதை அவர்கள் காண்பது பெரும்பயன் தரும். தேர்வுக்காக நேர்ச்சை வைப்பதில் தவறில்லை. மதிப்பெண் குறைந்ததும் சாமியிடம் கோபித்துக் கொள்ளப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிடாதீர்கள். மகள் ஒரு நாள், "எனக்குச் செபிக்கப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் திட்டாதீர்கள். அவள் உண்மை பேசுகிறாள். "எனக்கும் அப்படிச் சில நாள் உண்டு, வா, இருவரும் சேர்ந்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வோம்" என்று கூறுங்கள். குடிமராமத்து தனியாள் வேலை அன்று.

அன்பு மாணவியரே! இந்த ஆண்டு ஒன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் இறைவன் முன் அமருங்கள். மனம் ஓடினால் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், "ஆண்டவரே, ஒன்றும் தோன்றவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுவே நல்ல செபம். எழுந்து போகாமல் இருந்தீர்களானால், நீங்கள் அறியாமலே வளர்ந்திருப்பீர்கள். உங்களுக்கு அது தெரியாவிட்டாலும், உங்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.